மேவிஸும் இருபது சொற்களும்

ஒரு பேருந்து நிறைய ஆட்கள், நாற்பத்து நான்கு பேர், ஒரே நேரத்தில் கடைக்குள் நுழைந்து ஆளுக்கொரு பானத்தின் பெயரைக் கூவினாலும், மேவிஸ் ஒரு துண்டுச் சீட்டைத் தொடமாட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருமுறை எல்லா முகங்களையும் பார்ப்பாள், அவ்வளவுதான். கால்மணி நேரத்தில் அவரவர் கோப்பை அவரவர் முன்னால் இருக்கும். நடுவில் நாற்காலி மாறி உட்கார்ந்தவனையும், குளிருக்குத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டவனையும், கழிப்பறைக்குப் போய்த் திரும்பாதவனையும் தேடிப் பிடித்துக் கொடுப்பாள். சரி, நாற்பத்து நான்கு என்பதில் கொஞ்சம் நுரை ஏற்றியிருக்கிறேன். தே தாரிக் என்னும் நுரை பொங்கும் பால் தேநீரை ஆற்றும் கடையைப் பற்றிச் சொல்லும்போது நுரை இல்லாமல் எப்படிச் சொல்வது?

மேவிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது, ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவம் வரை படித்தது, எட்ரியனைக் கட்டிக்கொண்டது, அவனைக் கல்லறைக்கு அனுப்பியது எல்லாம் ஒரே தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில்தான். இருபத்தாறு வருஷம் கொழுந்து வெட்டினாள். முதுகு போதும் என்று சொன்னபோது, தோட்டத்துக்குள்ளேயே சுற்றுலாக்காரர்களுக்காக முகம்மது கனி நடத்தும் தேநீர்க் கடைக்கு மாறினாள். வீடு மட்டும் அதே லயத்து வீடு, தோட்டத்துக்குச் சொந்தமான வீடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேவிஸ் மறக்கவில்லை, தோட்டத்து அலுவலகக் கணக்கரான கிராணி ஞானசுந்தரமும் மறக்கவில்லை. மறந்தவர்கள் படித்தவர்கள்தான்.

அவள் எழுதாமல் எப்படி நினைவு வைக்கிறாள் என்று கனி ஒருமுறை கேட்டார். அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"மொகத்துல மாட்டி வைப்பேன் நானா. மூக்குக் கண்ணாடிக்காரருக்குப் பாலில்லாத தே ஓன்னா கண்ணாடிக் காதுல கோப்பை தொங்கும். பார்த்தா தெரியும்லா."

"என் மூக்குல என்ன தொங்குது?"

"போன மாசத்துச் சம்பளம்" என்றாள் மேவிஸ். அதன்பிறகு கனி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மேவிஸுக்குப் பயம் என்று ஒன்று இருந்தால் அது மறதி ஒன்றுதான். அவளுடைய தாய் தங்கம்மா கடைசி நான்கு வருஷம் எல்லாவற்றையும் மறந்துகொண்டே போனவள். முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு கிழமையை, பிறகு பெற்ற பிள்ளைகளை. "நீ யாரு வீட்டுப் புள்ளம்மா?" என்று மேவிஸைப் பார்த்து ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பாள். இருபது தடவையும் மேவிஸ், "ஒங்க வீட்டுப் புள்ளதாம்மா" என்று பதில் சொல்வாள். கோபப்பட்டதில்லை. ஆனால் சமையல்கட்டுக்குப் போய் நின்றுகொண்டு, நமக்கும் இது வந்தால் பதில் சொல்லப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஆராய்ச்சி வந்தது.

வந்தது முனைவர் சசிரேகா. உளவியல் படித்தவர். வயதானவர்களின் ஞாபகசக்தியை ஆராய அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டிய தன்னார்வலர்கள் நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். அவருடைய பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு நெறிமுறைக் குழு உண்டு. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, எந்த மனிதரையும் துன்புறுத்தக் கூடாது என்று முத்திரை குத்தி அனுமதி எண் போட்டுக் கொடுப்பார்கள். இந்த ஆராய்ச்சிக்கும் எண் கிடைத்தது. எண் கிடைத்த பிறகு யார் யாரைத் துன்புறுத்தினாலும் அது கணக்கில் வராது போலிருக்கிறது.

சசிரேகா முறைப்படி தோட்டத்து மேனேஜருக்கு எழுதினார். லயத்துக்காரர்களின் வாயில் இன்றும் அவர் துரைதான். துரை கிராணி ஞானசுந்தரத்திடம் சொன்னார். ஞானசுந்தரம் முப்பது வருஷமாகத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் காரியத்தை முடித்தார். விடியற்காலை பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரித்துவிடும் நேரத்தில், பனியில் லயத்தில் குடியிருக்கும் எல்லாரையும் நிற்க வைத்துப் பெயர் வாசித்தார்.

"இன்னிக்குத் தன்னார்வத்துக்கு நாப்பது பேர். பேர் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லி, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. சிவசாமி!"

"இருக்கேன்யா!"

"மேவிஸ்!"

"இருக்கேன். எதுக்குங்கய்யா?"

"அதான் சொன்னேனே, தன்னார்வம்."

"ஆர்வம் யாருக்குங்கய்யா, எனக்கா?"

"மேல இருந்து வந்துருக்கு மேவிஸ். ஆர்வம் யாருக்கா இருந்தா என்ன, போடு கையெழுத்த. பின்னால ஆளுங்க குளிர்ல நிக்கிறாங்கலா."

மேவிஸ் போட்டாள். அந்தக் களத்தில் பெயரைக் கூப்பிட்டு இல்லை என்று சொன்னவர் அவள் அறிய எவருமில்லை. கூப்பிட்டால் இருப்பது, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது, காட்டிய திசையில் நடப்பது என்று மூன்று தலைமுறை பழகிய கால்கள். படிவத்தில் ஐந்து பக்கம் ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சடித்திருந்தது. கலந்துகொள்ளாவிட்டால் எந்தப் பாதிப்பும் வராது, எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தது. ஆனால் லயத்துக் கதவு ஒவ்வொன்றிலும் தோட்டத்துப் பச்சைச் சாயத்தில் எழுதியிருந்த வீட்டு எண்தான் அவர்களுக்குப் பெரிய எழுத்தாகத் தெரிந்தது. அரைமணி நேரத்தில் நாற்பது பேரும் தன்னார்வலர்கள் ஆகிவிட்டார்கள். இவ்வளவு விரைவாகச் சம்மதம் கிடைத்ததே இல்லை என்று சசிரேகா மனம் குளிர்ந்துபோனார்.

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய ஆயாக் கொட்டகையில் சோதனை நடந்தது. மேவிஸுக்கு எதிரே ஃபியோனா என்ற ஆராய்ச்சி மாணவி, கையில் ஒரு தட்டைக் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். இருபது சொற்களை வாசித்தாள். குடை, மணி, ஊசி, கப்பல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள். கேட்டு முடித்ததும் திருப்பிச் சொல்ல வேண்டும். மேவிஸ் ஒவ்வொன்றாகச் சுவரில் இருந்த பழைய தொட்டில் கொக்கிகளில் மாட்டினாள், பிறகு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். இருபதும் வந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

ஃபியோனா தன் காலணியைப் பார்த்தபடி, "ஆன்ட்டி, உங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்டா உங்க ஞாபகசக்தி ரொம்பக் கீழ இருக்கு" என்றாள்.

"எல்லாம் சொன்னேனேம்மா?"

"மன்னிச்சுக்கோங்க ஆன்ட்டி. ரிசல்ட் அப்படித்தான் வருது."

அடுத்து இன்னொரு பட்டியல் வாசிக்கப்பட்டது. அப்போது மேவிஸின் காதில் சொற்கள் விழவில்லை, "நீ யாரு வீட்டுப் புள்ளம்மா?" என்ற ஒரே குரல்தான் விழுந்தது. இந்த முறை ஏழு வந்தது. ஃபியோனா ஏழு என்று பதிந்துகொண்டாள். அவர்களுக்கு வேண்டியது அந்த ஏழுதான். ஞாபகசக்தி போய்விட்டது என்று சொன்னால் ஒரு மனிதருக்கு எவ்வளவு ஞாபகசக்தி போகிறது என்பதுதான் ஆராய்ச்சி. சீட்டுக் குலுக்கிப் போட்டு இருபது பேரிடம் மட்டம் என்றும், இருபது பேரிடம் அபாரம் என்றும் சொன்னார்கள். போகும்போது ஆளுக்கொரு குடை கொடுத்தார்கள். வருஷம் முழுக்க மழை பெய்யும் ஊரில் குடை! எல்லாரிடமும் ஏற்கெனவே மூன்று இருந்தது.

அதன்பிறகு லயம் லயமாக இல்லை. மட்டம் என்று கேட்டவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்றுமுறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். அபாரம் என்று கேட்டவர்கள் அதைவிட மோசம். எழுபத்தோரு வயது சிவசாமி, ஜப்பான்காரன் மலைக்கு வந்த அன்று என்ன கிழமை, எத்தனை பேர், தலைவன் என்ன நிறத்தில் காலுறை போட்டிருந்தான் என்று விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினார். ஜப்பான்காரன் மலையைவிட்டுப் போய் எட்டு வருஷம் கழித்துத்தான் சிவசாமி பிறந்தார். அதைச் சுட்டிக்காட்டியவர்களிடம், "நீ அபாரமா, மட்டமா? அத மொதல்ல சொல்லு" என்று கேட்டு வாயை அடைத்தார்.

மேவிஸ் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பை கழுவும்போது அந்த இருபது சொற்களை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் இருபது வரும். ஆனால் அந்த இருபதும் உண்மையில் அன்று கேட்ட இருபதுதானா, தானே உண்டாக்கிக்கொண்டதா? தங்கம்மாவும் தன் புருஷன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று சத்தியம் செய்தவள்தான், அவன் செத்துப் பதினோரு வருஷம் கழித்து.

பிரிஞ்சாங் கடைத்தெருவில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கினாள். வாடிக்கையாளர் சொல்லச் சொல்லக் குனிந்து எழுதினாள். குனிந்ததால் முகங்களைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காததால் மாட்டி வைக்க இடமில்லை. எழுதியதைப் படிக்கக் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. மைலோ கேட்டவருக்குக் கோப்பி போனது, கோப்பி கேட்டவருக்கு ஒன்றுமே போகவில்லை. ஒவ்வொரு தவறும் அந்த ஆராய்ச்சி சரி என்பதற்கு இன்னொரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போனது. மூன்றாவது வாரம் கனியின் முன்னால் போய் நின்றாள்.

"நானா, மாசக் கடைசியோட நின்னுக்கறேன். ஈப்போவுல மக வீட்டுக்குப் போறேன்."

"ஏன், என்னாச்சு? யாரும் ஏதும் சொன்னாங்களா?"

"டாக்டருங்க சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு. ஒரு நாளைக்கு யாரு மேலயாவது சுடுதண்ணியக் கொட்டறதுக்குள்ள போயிடறேன்."

கனி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், மேவிஸைப் பார்த்தார். மறுநாள் கடை வாசலில் 'ஆள் தேவை' என்று ஒரு அட்டை தொங்கியது. தன் வேலைக்கான அந்த அட்டையை மேவிஸ்தான் நேராக்கித் தொங்கவிட்டாள்.

மாசம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, திரிங்காப் பக்கமிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் தாமதமாக ஒரு பேருந்து வந்து நின்றது. சசிரேகா தன் மாணவர்களைச் சுற்றுலா அழைத்து வந்திருந்தார். வெற்றிகரமாக ஆராய்ச்சி நடந்த இடத்தைக் காட்ட வேண்டாமா? மேவிஸ் நோட்டைத் திறந்து, குனிந்து எழுத ஆரம்பித்தாள். மூன்றாவது மேசையில் ஃபியோனா இருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் எழுதுறீங்க? அன்னிக்கு இருபதும் சொன்னீங்களே!"

சொன்ன பிறகுதான் ஃபியோனாவுக்குத் தான் சொன்னது உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேவிஸின் பேனா நின்றுபோனது.

சசிரேகா சிரித்துக்கொண்டே வந்தார். "ஓ, ஆன்ட்டி எங்க ஸ்டடியில இருந்தீங்களா? அந்த ரிசல்ட் சும்மா ஆன்ட்டி! உண்மை இல்ல. குலுக்கல்ல உங்களுக்கு அப்படி விழுந்துச்சு. முடிஞ்ச பிறகு எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தாச்சே. மேனேஜ்மென்ட்டுக்கு லெட்டர் அனுப்பினோம்."

"அதுவா!" என்றார் கல்லாவிலிருந்து கனி. "ஆபீஸ் பலகையில ஒட்டியிருந்துச்சு, பந்து வெளையாட்டு நோட்டீஸுக்கு அடியில, இங்கிலீஷ்ல. நான் கரண்டு நிக்கிற அறிவிப்புன்னு நெனச்சேன்."

மேவிஸ் மெதுவாகக் கேட்டாள். "அப்ப என் பரீட்சைய யாரு திருத்துனா?"

"முதல் பட்டியலை நாங்க திருத்தறதில்ல ஆன்ட்டி, அது தேவையில்ல. ரெண்டாவதுதான் டேட்டா."

"குடை, மணி, ஆறு, ஊசி, பூனை, கதவு, உப்பு, கப்பல்" என்று மேவிஸ் ஆரம்பித்தாள். விரல், மாம்பழம், ஏணி என்று போய்க்கொண்டே இருந்தாள். ஃபியோனா கைப்பேசியில் எதையோ திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினாள். 'சாவி' என்று மேவிஸ் முடித்தாள்.

"இருபது ஆன்ட்டி. வரிசைகூட மாறல."

மேவிஸ் நோட்டுப் புத்தகத்தை மூடிக் கனியின் கல்லாவில் வைத்தாள். இடுப்பில் கை வைத்து எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தாள். "இப்ப சொல்லுங்க" என்றாள். சொன்னார்கள். கால்மணி நேரத்தில் எல்லாம் வந்தது. ஒரு கோப்பை மாறவில்லை.

சசிரேகா தன் பால் தேநீரைப் பாதிக்குமேல் குடித்திருப்பார். மேவிஸ் ஒரு தாளை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து போடுங்க டாக்டரம்மா." வாடிக்கையாளர் கருத்துப் புத்தகம் போல என்று நினைத்துச் சசிரேகா தாராளமாகப் போட்டார். சோதனைக்குச் சம்மதம் என்று தாளில் தமிழில் எழுதியிருந்தது. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"சொல்ல மறந்துட்டேன். நீங்க குடிச்ச பாலு நாலு நாள் பாலு. பயப்படாதீங்க, பாதிப் பேருக்கு ஒண்ணும் ஆவாது."

சசிரேகாவின் முகத்தில் தோட்டத்துக் கொழுந்து நிறம் ஏறியது. முதலில் வயிற்றைத் தடவினார். பிறகு கழிப்பறையை நோக்கி நடந்தார், இரண்டாம் முறை ஓடினார், மூன்றாம் முறை போனவர் வர நேரமானது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். மாணவர்களில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவார்கள்.

வெளுத்த முகத்தோடு வந்தவரிடம் மேவிஸ் பணிவாகச் சொன்னாள். "அது சும்மா டாக்டரம்மா. பாலு இன்னிக்குக் காலையில வந்ததுதான். விளக்கம் எல்லாம் பலகையில ஒட்டியாச்சு." விலைப்பட்டியலுக்கு அடியில், தமிழில், ஒரு துண்டுத் தாள் தொங்கியது.

"எனக்கு அதைப் படிக்கத் தெரியாதே!"

"அப்படியா? ஒங்களுக்குக் கொடுத்தாச்சுன்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

சசிரேகா நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார், "எத்தனை நாளா ஆன்ட்டி அதை நம்பிக்கிட்டு இருந்தீங்க?"

"இருபத்திநாலு நாளு." மேவிஸின் குரலில் இப்போது குறும்பு இல்லை. "எங்கம்மா என்னை மறந்து செத்தாங்க டாக்டரம்மா. எனக்கும் அதான்னு நெனச்சு வேலைய விட்டுட்டேன். வாசல்ல பாருங்க அட்டைய. நீங்க எங்கிட்ட எடுத்தீங்களே ஏழு, அந்த ஏழு என்னுது. பயத்துல வந்த ஏழு. அதைத் திருப்பிக் குடுத்துருங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க. பலகையில இல்ல, மொகத்தப் பார்த்துச் சொல்லுங்க."

ஏன், எப்படி, எங்கே, யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று மேவிஸ் இரண்டு மணி நேரம் விளக்கினாள். பேருந்து காத்திருந்தது.

சசிரேகாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். அடுத்த திங்கட்கிழமை தூறலில் வந்தார், ஆராய்ச்சி கொடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு. ஞானசுந்தரம் வழக்கம்போலப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடத் தயாராக நின்றார். மேவிஸ் அவர் கையிலிருந்த தாளை வாங்கி மடித்து அவருடைய சட்டைப்பையிலேயே வைத்தாள். "வேணாங்கய்யா. இந்தத் தடவ அவங்களே வீடு வீடா வருவாங்க. இஷ்டம்னா கதவத் தொறப்பாங்க."

சசிரேகாவும் மேவிஸும் வீடு வீடாகப் போனார்கள். மட்டமானவர்களில் மேவிஸ் போக மீதிப் பத்தொன்பது பேரும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள், இரண்டு பேர் திட்டினார்கள். அபாரமானவர்கள்தான் சிக்கல். சிவசாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேவிஸைத் தனியாக அழைத்தார்.

"பாவம்மா இந்தப் புள்ள. நம்மகிட்டச் சொன்னதையே மறந்துட்டு மாத்தி மாத்திப் பேசுது. நல்ல டாக்டர் யார்கிட்டயாவது காட்டச் சொல்லு."

ஜப்பான்காரனின் காலுறை இன்றும் அவர் ஞாபகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்ததும் ஃபியோனா ஒரு வரியை மட்டும் மேவிஸின் கைப்பேசிக்கு அனுப்பினாள். பங்கேற்ற நாற்பது பேரில் ஒருவர் காரணம் ஏதும் கூறாமல் விலகிக்கொண்டார் என்றிருந்தது அந்த வரி. இரண்டு மணி நேரம், ஒரு பேருந்து சாட்சியாக, காரணம் தவிர வேறெதுவும் சொல்லாதவளைப் பற்றித்தான்! 'ஆள் தேவை' அட்டையைக் கனி கிழித்துப் போட்டார். நோட்டுப் புத்தகத்தில் இப்போது அவருடைய பேரப்பிள்ளைகள் படம் வரைகிறார்கள்.

தோட்டத்துப் பள்ளி டீச்சரான நான் இதை மேவிஸுக்கே வாசித்துக் காட்டினேன். கோப்பை துடைப்பதை நிறுத்தாமல் கடைசிவரை கேட்டவள், துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அந்தப் பஸ்ஸுல நாப்பத்துநாலு இல்ல டீச்சர், முப்பத்தொண்ணு. பதினாலு தே தாரிக், ஆறு தே ஓ, அஞ்சு கோப்பி, நாலு மைலோ, தொண்டை கட்டுன பையனுக்கு ஒரு சுடுதண்ணி, டாக்டரம்மாவுக்குச் சீனியில்லாத ஒரு பால் தேத்தண்ணி. அவங்க மூணு தடவ ஓடல, ரெண்டு தடவதான். அப்புறம், நேருல பார்த்த மாதிரி எழுதிருக்கீங்களே, அன்னிக்கு நீங்க கடைக்கே வரல. ஒங்களுக்குப் பல்லு வலி."